நைனா விட்டுப்போன கத்திப் பெட்டி: விற்பதா, வைத்துக்கொள்வதா?

கல்மண்டபம்வாசி

ராயபுரத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் நைனா சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். எழுபதுகளில் கப்பல் ஏறினார், தொண்ணூறுகளின் கடைசியில் வேலையை விட்டார், போன வருடம் காலமானார். கூடப் போனவர்கள் டேப்ரெக்கார்டர், சென்ட் பாட்டில் என்று வாங்கி வந்து பர்மா பஜாரில் கொடுத்துக் காசு பார்த்தார்கள். நைனா போன துறைமுகங்களில் எல்லாம் கத்தி வாங்கினார். ஒன்றைக்கூட விற்றதில்லை.

ஒரு தகரப் பெட்டியில் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. சிவப்புப் பிடி போட்ட ஸ்விஸ் கத்திகள், அலுமினியப் பிடியில் இரண்டு, டப்பா பிரிக்காத பக் 110 என்கிற அமெரிக்க மடக்குக்கத்தி ஒன்று, ஈ மாதிரி ஒரு பொம்மை பதித்த லகியோல் என்கிற பிரெஞ்சுக் கத்தி, கல்கத்தாவில் வாங்கிய குக்ரி என்கிற வளைந்த நேபாளக் கத்தி, ஜெர்மனியின் சோலிங்கன் முத்திரை போட்ட பத்து அங்குல சமையல் கத்தி, மரப்பிடி போட்ட ஒப்பினெல் என்கிற பிரெஞ்சு மடக்குக்கத்தி. இவை போக, தாத்தா காலத்துப் பேனாக்கத்தி ஒன்று. தாத்தா துறைமுகத்தில் எழுத்தராக இருந்தபோது ஒரு துரை கொடுத்ததாகச் சொல்வார்கள். வெள்ளைப் பிடி.

பாரிமுனைப் பக்கம் பழம்பொருள் வாங்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, மொத்தமாக 25,000 தருகிறேன் என்றார். பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் நேரம். அம்மா, "பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இத்தனை கத்தி எதற்கு, கொடுத்துத் தொலை" என்கிறார். தண்டையார்பேட்டையில் இருக்கும் தங்கை, "நைனா கையால் தொட்டது, ஒன்றைக்கூட விடக்கூடாது" என்று அழுகிறாள். எனக்கு இன்னொரு பயமும் உண்டு. எங்கள் ஏரியாவில் ஒரு வீட்டில் முப்பது கத்தி இருக்கிறது என்று தெரிந்தால் போலீஸ் என்ன நினைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடுங்கையூரான்

25,000 கையில் வருகிறது என்றால் வாங்கிக்கொள்ளுங்கள் நண்பா. படிப்புச் செலவுக்குத்தானே போகிறது. உங்கள் அப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

பெரம்பூர்_மடக்குக்கத்தி

தம்பி, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நான் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மடக்குக்கத்தி சேர்ப்பதுதான் என் வாழ்நாள் பழக்கம். முதலில் இரண்டு விஷயம் சொல்கிறேன், மற்றதெல்லாம் பிறகு.

ஒன்று, எதையும் துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். சாணை பிடிப்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பழைய கார்பன் எஃகு அலகில் நீலமும் சாம்பலும் கலந்து படிந்திருக்கும் நிறம் அழுக்கு அல்ல. எஃகு தன் மேல் தானே போட்டுக்கொண்ட போர்வை அது. செங்கல் நிறத்தில் பொடிப்பொடியாக இருப்பதுதான் கெட்ட துரு. சாணைக்கல்லில் ஒரு தடவை வைத்தாலே அலகின் பழைய வடிவம் போய்விடும், அடிப்பக்கத்தில் இருக்கும் முத்திரையும் தேய்ந்துபோகும். வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அந்த முத்திரையைத்தான்.

இரண்டு, மொத்தமாக விலை பேசாதீர்கள். மொத்த விலை சொல்லும் வியாபாரி பெட்டியில் உள்ள நான்கைந்து நல்ல கத்திகளுக்குத்தான் கணக்குப் போட்டிருப்பார், மீதி அவருக்கு இனாம். அவர் பிழைப்பு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நான்கைந்து எவை என்று நீங்களும் தெரிந்துகொண்டு பேச வேண்டாமா? ஒவ்வொரு கத்தியாக வெள்ளைத் துணியில் வைத்து, திறந்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று, முத்திரையை மட்டும் கிட்டத்தில் ஒன்று என்று படம் எடுத்துப் போடுங்கள். வெயில் நேராக விழாத வெளிச்சம் நல்லது.

காசிமேட்டுக்காரி

அண்ணா, போலீஸ் என்ன நினைக்கும் என்று கேட்டீர்கள். அது மனதை உறுத்தியது, அதற்கே பதில் சொல்கிறேன். வடசென்னை என்றால் கத்தி என்று சினிமாக்காரர்கள் எழுதிவைத்ததை நாமே நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கத்திதான் சோறு போடுகிறது. விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் வஞ்சிரத்தைத் துண்டு போட ஒரு கத்தி, சூரைக்குத் தடியான ஒன்று, வீட்டில் அருவாமனை. ஆயுத பூஜை அன்று எல்லாவற்றையும் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து வரிசையாக வைப்போம். உங்கள் நைனா சமையல்காரர். சமையல்காரர் வீட்டில் கத்தி இருக்காமல் வேறு எங்கே இருக்கும்?

ஆனால் அம்மா சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெட்டிக்குப் பூட்டு வேண்டும், சாவி உயரத்தில் இருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு அம்மாவிடம் மறுபடி கேளுங்கள். பாதி கோபம் போயிருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். இந்த முப்பதில் நைனா தினமும் கையில் எடுத்தது எது?

வண்ணை_வக்கீல்

சட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வந்த விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்றே செய்யப்பட்ட கத்திகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே சோலிங்கன் சமையல் கத்தி பத்து அங்குலமாக இருந்தாலும் அது சமையல் கத்திதான். மடக்குக்கத்திகள் பெரும்பாலும் அந்த அளவைத் தொடாது. அளந்து பார்க்க வேண்டியது குக்ரியைத்தான். அளவைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டுமா என்பது, 4ஆம் பிரிவின் கீழ் அந்தப் பகுதிக்கு அரசு அறிவிக்கை போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதை வழக்கறிஞர் ஒருவரிடம் நேரில் காட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், அதுவரை விற்கவும் வேண்டாம், வெளியே எடுத்துப் போகவும் வேண்டாம். எந்தக் கத்தியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வியாபாரியைப் பார்க்கப் போகாதீர்கள். பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துப் போங்கள்.

அடுத்தது அந்த வெள்ளைப் பிடி. அது யானைத் தந்தமாக இருந்தால் விற்பனை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 அதைத் தடுக்கிறது. 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேர்த்துத் தடை போட்டார்கள். "தாத்தா காலத்தது, அப்போது சட்டமே இல்லை" என்ற வாதம் எடுபடாது. வேறு கத்திகளில் மான் கொம்புப் பிடி இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் கைமாற்றாதீர்கள்.

பேனாக்கத்தி 100 வருடம் தாண்டியதாக இருந்தால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கடைசியாக, குடும்பம். நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், உயில் இல்லாத நிலையில் 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சமப் பங்கு. வீடு, நிலத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியில் இருக்கும் கத்திக்கும் அதே கணக்குத்தான். தங்கை வேண்டாம் என்று சொல்லும்போது நீங்கள் தனியாக விற்பது சரியல்ல.

எண்ணூர்_கழிமுகம்

எல்லோரும் வைத்துக்கொள்ளச் சொல்லும் பக்கமே சாய்கிறீர்கள். நான் மறுபக்கம் பேசுகிறேன். என் சித்தப்பா தபால்தலை சேர்த்தார். அவர் போனபின் ஆல்பங்கள் அலமாரியில் இருந்தன. யாரும் திறக்கவில்லை, விற்கவும் மனம் வரவில்லை. மழைக்காலத்தில் ஓதம் ஏறி, தபால்தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆசைப்பட்டு வாங்கியிருக்கக்கூடிய ஒருவருக்கும் அவை கிடைக்கவில்லை, எங்களுக்கும் உதவவில்லை. சேர்த்தவருக்கு ஒவ்வொன்றையும் எங்கே வாங்கினோம், ஏன் வாங்கினோம் என்று தெரியும். அவர் போனபின் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. அப்புறம் அது சேகரிப்பு இல்லை, பராமரிக்க ஆள் வேண்டிய சாமான். கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறீர்கள். உப்புக்காற்று எஃகைச் சும்மா விடாது. ஒவ்வொரு வருடமும் உட்கார்ந்து எண்ணெய் போட யாராவது இருக்கிறார்களா? இல்லையென்றால், கத்தியை நேசிக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்வதுதான் அந்தக் கத்திகளுக்கு நல்லது. பாசம் இல்லாமல் இதைச் சொல்லவில்லை.

கல்மண்டபம்வாசி

எல்லோருக்கும் நன்றி. படங்கள் போட்டிருக்கிறேன். காசிமேடு அக்கா கேட்டதற்குப் பதில்: ஒப்பினெல்தான். ஊரில் இருக்கும்போது வெங்காயம், மாங்காய், நூல்கண்டு எல்லாம் அதில்தான். பிடியில் கட்டைவிரல் படும் இடம் குழிந்தே போயிருக்கிறது. சோலிங்கன் கத்தியும் அப்படித்தான், தீட்டித் தீட்டி அலகு பாதி அகலம் ஆகிவிட்டது. பக் கத்தியை அவர் டப்பாவில் இருந்து வெளியே எடுத்து நான் பார்த்ததே இல்லை.

எண்ணூர் நண்பர் சொன்னது உறைத்தது. நான் எண்ணெய் போடுவேன் என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. முப்பதுக்கும் நிச்சயம் முடியாது.

பேனாக்கத்தியின் அலகில் ஒரு நட்சத்திரம், ஒரு சிலுவை, அதன் கீழ் ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு, இங்கிலாந்து என்று இருக்கிறது. கிரீடத்தின் இருபுறமும் ஜி, ஆர் என்ற எழுத்துகள்.

பெரம்பூர்_மடக்குக்கத்தி

தம்பி, படங்களைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. நைனாவுக்கு நல்ல கண்.

முதலில் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு கத்திக் கம்பெனி. அந்த நட்சத்திரமும் சிலுவையும் அவர்களுடைய மிகப் பழைய முத்திரை. 1682-இல் ஷெஃபீல்டில் அவர்களுக்குக் கொடுத்தது. ஜி, ஆர் என்பது ஜார்ஜ் மன்னரைக் குறிப்பது, கூடவே இங்கிலாந்து என்றும் இருப்பதால் 1910-க்கு முந்தியது இல்லை. நாட்டின் பெயரைப் பொறிப்பது அமெரிக்கா 1890-இல் இறக்குமதிச் சட்டம் போட்ட பிறகு பரவிய வழக்கம்தான். இரண்டும் பொருந்துகின்றன. துரை கொடுத்தாரா என்பதைக் கத்தி சொல்லாது, ஆனால் தாத்தாவின் காலம் என்பதற்குத் தடையாக எதுவும் அதில் இல்லை.

இப்போது பிடி. ஒரு நல்ல பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். பிடியின் முகத்தைப் பார்க்காதீர்கள், கடைசி முனையை, அதாவது வெட்டுப்பட்ட குறுக்குப் பக்கத்தைப் பாருங்கள். யானைத் தந்தம் என்றால் அங்கே இரண்டு பக்கமும் சாய்ந்து ஓடும் மெல்லிய வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலை பின்னியது போலத் தெரியும். மாட்டெலும்பு என்றால் வலை இருக்காது. முகத்தில் சின்னச்சின்னக் கறுப்புப் புள்ளிகளும் கீறல் போன்ற கோடுகளும் தெரியும். எலும்புக்குள் ரத்தம் ஓடிய நுண்குழாய்களின் வாய் அவை, அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும். மூன்றாவதாக, செல்லுலாய்டு என்கிற பழைய காலத்துப் பிளாஸ்டிக். தந்தம் போலவே கோடு போட்டுச் செய்திருப்பார்கள், ஆனால் அந்தக் கோடுகள் ரூல் தடி வைத்து இழுத்தது போல ஒழுங்காக இருக்கும், ஒன்றையொன்று வெட்டாது. உள்ளங்கையில் சூடேறத் தேய்த்து மோந்தால் கற்பூர வாசனை வரும். சூடான ஊசி வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள், செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். செல்லுலாய்டு என்று தெரிந்தால் அந்தக் கத்தியைப் பெட்டியில் இருந்து உடனே தனியாக எடுத்து வையுங்கள். அது பழசாகிச் சிதையும்போது வெளிவிடும் ஆவி பக்கத்தில் உள்ள அலகுகளையும் அரித்துவிடும்.

ஸ்விஸ் கத்திகளில் சிவப்புப் பிடி போட்டவை அழகானவை, ஆனால் ஊரெங்கும் உண்டு. அலுமினியப் பிடி போட்ட இரண்டைக் கவனியுங்கள். அது 1961-இல் ஸ்விஸ் ராணுவத்துக்கு வந்த மாதிரி. பெரிய அலகின் அடியில் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். ஒன்றில் 71 தெரிகிறது. சேகரிப்பவர்கள் ஆண்டுவாரியாகத் தேடுவார்கள். பக் 110 என்பது 1964-இல் வந்து மடக்குக்கத்தியின் போக்கையே மாற்றிய கத்தி. 1986-இல் இருந்து ஆண்டுக்கு ஒரு குறி போட ஆரம்பித்தார்கள், உங்களுடையதில் அந்தக் குறி இல்லை. அதனால் அதற்கு முந்தியது. டப்பாவும் தாளும் கூடவே இருப்பதால் மதிப்பு ஏறும். லகியோல் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைப் பல நாடுகளில் பல பேர் போட்டு விற்றார்கள். பெயரும் பூச்சியும் மட்டும் எதையும் நிரூபிக்காது.

உங்கள் பதிலைப் படித்ததும் எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பினெலும் தேய்ந்த சோலிங்கனும் சந்தையில் ஒன்றும் பெறாது, ஆனால் நைனா வாழ்ந்தது அவற்றோடுதான். பக் கத்திக்கு நல்ல விலை கிடைக்கும். காரணம், அவர் அதைத் தொடவே இல்லை. தங்கை வேண்டும் என்பது ஒரு வகை, வியாபாரி வேண்டும் என்பது இன்னொரு வகை. இருவரும் கேட்பது ஒரே கத்தியை இல்லை தம்பி. முப்பதையும் விற்பதா, முப்பதையும் வைப்பதா என்று ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

காசிமேட்டுக்காரி

பெரியவர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். தங்கையை வீட்டுக்குக் கூப்பிட்டு, பெட்டியை முன்னால் வைத்து, "உனக்கு எது" என்று கேளுங்கள். போனில் வேண்டாம்.

திருவொற்றியூர்_டெக்

நானும் கப்பலில் இருந்தவன். உங்கள் நைனாவின் சி.டி.சி. புத்தகம், அதாவது கப்பல்காரர்களின் பணிப் பதிவேடு, வீட்டில் இருக்கிறதா? எந்தக் கப்பலில், எந்தத் தேதியில், எந்தத் துறைமுகத்தில் ஏறினார், எங்கே இறங்கினார் என்று முத்திரையோடு அதில் இருக்கும். நடுவில் தொட்ட துறைமுகங்கள் இருக்காது, ஆனாலும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்திகளைப் பார்த்தால் எது எந்தப் பயணத்தில் வந்திருக்கும் என்று ஓரளவு கோக்கலாம். எண்ணூர் நண்பர் தொடர்பு அறுந்துவிடும் என்றார். இங்கே முழுதாக அறுந்துவிடவில்லை. அம்மாவையும் உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த வருடம் எந்த ஊரில் இருந்து கடிதம் வந்தது என்பது கப்பல்காரர் மனைவிக்கு மறக்காது. கேட்டதை எழுதி ஒவ்வொரு கத்தியோடும் ஒரு சீட்டு வையுங்கள். வாங்குகிறவரும் அதற்கு மதிப்புக் கொடுப்பார். சி.டி.சி.யை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

எண்ணூர்_கழிமுகம்

அம்மாவைக் கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா விஷயத்தில் எங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை. உங்களுக்கு இருக்கிறார், அதற்காகவாவது கொஞ்சம் நிதானியுங்கள். ஆனால் வைத்துக்கொள்வதைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதில் மாற்றமில்லை. எண்ணெய் போட முடிகிற அளவுக்கு மட்டும்.

கல்மண்டபம்வாசி

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கை ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சி.டி.சி.யையும் பெட்டியையும் கூடத்தில் விரித்தோம். திருவொற்றியூர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. கொடுத்துத் தொலை என்ற அம்மா, அலுமினியக் கத்தியைப் பார்த்ததும், "இது நீ பிறந்த வருடம், ஹாம்பர்க்கில் இருந்து வந்தபோது கொண்டுவந்தது" என்றார். சி.டி.சி.யில் அந்த வருடம் ஹாம்பர்க்கில் இறங்கிய முத்திரை இருக்கிறது. அம்மா சொல்லச் சொல்லத் தங்கை சீட்டு எழுதினாள். பாதிக்கும் மேல் ஏதாவது ஒரு விவரம் கிடைத்துவிட்டது.

பேனாக்கத்தியின் பிடியில் வலை இல்லை. கறுப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன, கற்பூர வாசனை இல்லை. படம் போட்டிருக்கிறேன், பெரியவர் பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்று பேரும் பேசி முடிவெடுத்தோம். ஒப்பினெல் தங்கைக்கு. சோலிங்கன் அம்மாவின் சமையலறைக்கே, அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டார். பேனாக்கத்தியும் என் பிறந்த வருட ஸ்விஸ் கத்தியும் என்னிடம். பக், இன்னொரு அலுமினியக் கத்தி, சிவப்பு ஸ்விஸ் கத்திகள், லகியோல், மற்ற மடக்குக்கத்திகள் எல்லாம் தனித்தனியாக விற்பனைக்கு. வருவதில் பள்ளிக் கட்டணத்துக்கு என் பங்கு போக, மற்ற இருவர் பங்கும் அவரவருக்கு. குக்ரி பூட்டில் இருக்கிறது, வக்கீல் ஒருவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். மொத்த விலை சொன்னவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வைத்துக்கொள்ளும் கத்திகளை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லுங்கள். இன்னொரு சந்தேகம். ஒப்பினெல் திறக்கவே மாட்டேன் என்கிறது. தங்கை இழுத்து இழுத்து நகம் உடைந்துவிட்டது.

வண்ணை_வக்கீல்

நல்ல முடிவு. மூவரும் சம்மதித்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது வாங்குபவரின் அடையாள அட்டை நகல் ஒன்று வாங்குங்கள், நாளை அந்தக் கத்தி எங்காவது வேறு விதமாகப் பயன்பட்டால் உங்களுக்குப் பாதுகாப்பு. இன்னொன்று, பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சை நிறுத்திவிடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

பெரம்பூர்_மடக்குக்கத்தி

எலும்புதான் தம்பி, எனக்குச் சந்தேகமில்லை. விற்காமல் வைத்துக்கொண்டதில் மகிழ்ச்சி.

விலைக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் ஆளாளுக்குக் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏல தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு, அந்த விலையைப் பாருங்கள். பக் கத்தியின் டப்பா, தாள் எதையும் ஒட்டாதீர்கள், துடைக்காதீர்கள். பித்தளையில் பச்சை ஏறியிருந்தால் அதையும் படத்தில் காட்டிவிடுங்கள், மறைத்தால் பெயர் கெட்டுப்போகும்.

பாதுகாப்பு எளிது. தோல் உறைக்குள் வைக்காதீர்கள், தோல் பதனிட்ட ரசாயனமும் அது உறிஞ்சும் ஈரமும் அலகைத் தின்றுவிடும். உறை தனியே, கத்தி தனியே. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு அலகில் மெல்லப் பூசுங்கள். அம்மா தேங்காய் எண்ணெய் போடலாம் என்பார், வேண்டாம், பிசுபிசுத்துக் காறிப்போகும். சமையலறையில் புழங்கும் சோலிங்கனுக்கு எதுவும் பூச வேண்டாம், கழுவியதும் உடனே துடைத்தால் போதும். மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பெட்டியில் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். அலகைத் தொட்ட விரல் ஈரத்தைத் துடைக்காமல் மூடாதீர்கள்.

ஒப்பினெலுக்கு வருகிறேன். பிடி பீச் மரம், கடற்காற்றில் ஊறிப் பருத்து அலகைக் கவ்வியிருக்கும். கொறடு போட்டு இழுக்கக் கூடாது. 1955-இல் இருந்து வருகிற கத்திகளில் பெரும்பாலும் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பி, அதில் உள்ள வெட்டு அலகுக்கு நேராக வரும்படி வையுங்கள். பிறகு பிடியைக் கெட்டியாகப் பிடித்து, அதன் பின்முனையை மரப்பலகை மேல் ஓங்கித் தட்டுங்கள். விரல் அலகுப் பள்ளத்தின் பக்கம் இருக்கக் கூடாது. இரண்டு மூன்று தட்டில் அலகு முனை வெளியே வரும். அதை உருவாக்கிய பிரான்சின் சவோய்ப் பகுதி ஆட்கள் காலங்காலமாக அப்படித்தான் திறக்கிறார்கள்.

கல்மண்டபம்வாசி

திறந்துவிட்டது ஐயா, இரண்டாவது தட்டில். தங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பக் 110-க்கும் 71-ஆம் வருட ஸ்விஸ் கத்திக்கும் முத்திரையோடு தெளிவான படங்கள் நாளை விற்பனைப் பகுதியில் போடுகிறேன். வேண்டியவர்கள் அங்கே கேளுங்கள். ராயபுரத்துக்கு நேரில் வந்து பார்க்கிறவர்களுக்கு முதலிடம்.